வைகுண்டராஜனின் காற்றடைத்த வானம்

அஞ்சுகிராமம் வைகுண்டராஜனுக்கு இருட்டென்றால் பயம். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் மனிதர் முப்பத்தெட்டு வயது வரைக்கும் இதை ஈ காக்கைக்குக்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தார். சாதாரணப் பயம் இல்லை. கரண்ட் போனால் கழுத்தடியில் வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பேய்ப் பயம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளை. பேய்களையெல்லாம் அய்யா எப்போதோ எரித்துத் தீர்த்துவிட்டார் என்று தங்கள் கோயிலான பதியில் கேட்டு வளர்ந்தவர். இருட்டுக்குள் எதுவும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எதுவுமே இல்லாத அந்த இருட்டைத்தான் அவரால் தாங்க முடியாது.

கல்யாணமான முதல் ராத்திரியே படுக்கையறையில் ஜீரோ வாட் பல்பு எரிந்தது. “கொசு வந்தா தெரியணும்லா” என்றார். பெண்டாட்டி தங்கக்கனி ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பல்பு ஃபியூஸ் போனால் அவர் கேட்பதற்கு முன்னால் புதிது மாட்டிவிடுவாள். கொசுவைப் பற்றி அவளும் கவலைப்படுகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

தொழிலும் அவருக்கு ஏற்ற தொழில்தான். சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் டியூப் லைட், சீரியல் செட், மைக், ஜெனரேட்டர் எல்லாம் வைகுண்டராஜனின் வேனில் வரும். ஒரு பந்தலுக்கு இருபது லைட் போதும் என்றால் இவர் முப்பது கட்டுவார். மிச்சம் பத்துக்கு வாடகை கேட்க மாட்டார். தாராள மனசு என்று ஊரில் நல்ல பெயர். அந்தப் பத்தும் யாருக்காக எரிந்தன என்பது தங்கக்கனிக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளை விதி கொண்டுபோய் எங்கே நிறுத்தியது பாருங்கள்.

2009ஆம் வருஷம் உலகமெங்கும் வானியல் ஆண்டு கொண்டாடினார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் சந்திரயான் நிலாவுக்குப் போயிருந்தது. நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறிவியல் சங்கம் நடத்திவந்தார்கள். அவர்களுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. வசூல் செய்து காற்றடைத்த கோளரங்கம் ஒன்று வாங்கிவிட்டார்கள். ஒரு பெரிய கறுப்புத் துணிக் கூடாரம். அதன் ஓரத்தில் காற்றடிக்கும் மிஷினை வைத்து ஓட்டினால் பத்து நிமிஷத்தில் இரண்டாள் உயரத்துக்கு உப்பி நிற்கும். உள்ளே கம்போ கழியோ கிடையாது, காற்றுதான் தூண். தவழ்ந்து போகிற ஒரு துணிக் குகை வழியாகப் பிள்ளைகள் உள்ளே போய் வட்டமாக உட்கார வேண்டும். விளக்கை அணைத்து, நடுவில் இருக்கும் புரொஜெக்டரைப் போட்டால் தலைக்கு மேலே வானம் சுற்றும்.

அதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏற்றிப் போக வைகுண்டராஜனின் வேனைப் பேசினார்கள். ரெண்டு வாரம் கழித்து, சங்கத் தலைவர் பேராசிரியர் இஸ்ரவேல் அவரைக் கூப்பிட்டார்.

“ராஜன், காத்தடிக்கிற மிஷினும் ஸ்பீக்கரும் உமக்குத் தெரிஞ்ச சாமான்தான. இதுக்குன்னு தனியா ஆளு வைக்க எங்களுக்கு வழியில்ல. நீரே உள்ள இருந்து படத்தையும் ஓட்டிப் பேசிரும். பேச வேண்டியத நான் எழுதித் தாரேன்.”

முடியாது என்று சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்களே! வைகுண்டராஜன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் காட்சியில் விளக்கு அணைந்ததும் அவர் எழுந்து ஓடியிருப்பார். குகை வாசலை மறித்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததால் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இஸ்ரவேல் சார் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொன்னார். சூரியன், கிரகங்கள், சந்திரயான், மகேந்திரகிரியில் சோதித்துப் பார்க்கிற ராக்கெட் எஞ்சின் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போதுதான் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் வந்தது. மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் அவனுடைய இடுப்பிலிருந்து ஒரு வாள் தொங்குகிறது. அந்த வாளுக்குள் ஒரு மங்கலான புள்ளி. அந்தப் புள்ளியை நோக்கிக் கூடாரம் முழுவதும் பறந்து போவதுபோல் படம் நகர்ந்தது.

புள்ளி விரிந்தது. விரிந்துகொண்டே வந்து கூடாரத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் நிறைந்தது. ரோஜா நிறத்தில் திரை திரையாக மேகம், அதன் மடிப்புகளில் பச்சையும் ஊதாவும், நடுவே நாலு நட்சத்திரங்கள் வெள்ளையாக எரிகின்றன. விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கி எடுத்தனுப்பிய படம் அது. அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகும் என்று தாளில் எழுதியிருந்தது. நட்சத்திரங்கள் பிறக்கிற மேகம். நெபுலா என்று பெயர். பிள்ளைகள் “ஹா” என்று வாயைப் பிளந்தார்கள். வைகுண்டராஜனும் பிளந்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. அதோடு, அந்த வெளிச்சத்தில் பக்கத்துப் பிள்ளையின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் இந்த வேலையை விடவில்லை. தாளில் நெபுலாவுக்கு மூன்று நிமிஷம் என்று இருக்கும். இவர் ஏழு நிமிஷம் ஓட்டுவார். இஸ்ரவேல் சார் கேட்டபோது, “பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கு சார்” என்றார். பயம் மட்டும் போகவில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் மூன்று வருஷத்தை ஓட்டினார்.

சங்கத்தில் அவருக்கு ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். கரண்ட் போனால் காற்று நிற்கும், காற்று நின்றால் கூடாரம் படுத்துவிடும். துணி லேசு, அது யாரையும் கொல்லாது. ஆனால் பிள்ளைகள் பயந்து எழுந்து ஒரே நேரத்தில் அந்தச் சின்னக் குகையை நோக்கி ஓடினார்கள் என்றால் மிதிபட்டே செத்துப்போவார்கள். ஆகவே எங்கே போனாலும் ஜெனரேட்டரை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2012இல் கரண்ட் இருந்த லட்சணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரெண்டு மணி நேரம் இருந்தால் ரெண்டு மணி நேரம் இருக்காது. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் கிறிஸ்தவக் கோயில் திருவிழா. ஒன்பதாம் திருவிழா, அதாவது ஒன்பதாம் நாள் மத்தியானம், மறைக்கல்வி வகுப்பில் வேதம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் கோளரங்கம் காட்ட வேண்டும் என்று செசிலி டீச்சர் கேட்டிருந்தாள். வைகுண்டராஜன் கவனமான ஆள். மின்வாரிய ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் கரண்ட் கட் கிடையாது என்றார்கள். காட்சி ஒன்றரைக்கு. கூட ஆளும் வரவில்லை, வெயிலும் கொளுத்தியது. ஜெனரேட்டரை வேனிலிருந்து இறக்காமல் விட்டுவிட்டார். மூன்று வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

பள்ளிக்கூட ஹாலில் கூடாரம் உப்பி நின்றது. செசிலி டீச்சர் வெளியே காற்று மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போனார்கள். ஏழு வயது, எட்டு வயதுப் பொடிசுகள். சூரியன் வந்தது, நிலா வந்தது, சந்திரயான் சுற்றியது, வேட்டைக்காரன் வந்தான். ரோஜா நிற மேகம் விரிந்து கூடாரத்தை நிறைத்தது. வைகுண்டராஜன் மூச்சை இழுத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தார். ஏழு நிமிஷத்துக்கு நிம்மதி.

மூன்றாவது நிமிஷத்தில் எல்லாம் போய்விட்டது.

படம் போனதைவிட அந்தச் சத்தம் போனதுதான் கொடுமை. காற்று மிஷினின் உறுமல் ஊளை மாதிரி இறங்கி நின்றது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை “அம்மா” என்றது. வைகுண்டராஜனின் நெஞ்சுக்குள் உலக்கை விழுந்தது. கை தானாகப் போய் டார்ச்சை எடுத்து அமுக்கியது.

அதுதான் அவர் செய்த தப்பு. அந்தத் துக்கடா வெளிச்சம் மேலே போனது. இருட்டில் தெரியாமல் இருந்தது இப்போது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணி சுருங்கி, மடிந்து, தலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு தொண்டையும் ஒன்றாகக் கத்தின. குகைப் பக்கம் இருந்த ரெண்டு பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு நொடி போனால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். வைகுண்டராஜனுக்கு அது புரிந்தது. வெளிச்சம் இருக்கும் வரைக்கும் துணி தெரியும், துணி தெரிகிற வரைக்கும் கத்தல் நிற்காது. உலகத்திலேயே அவர் செய்ய விரும்பாத ஒன்றை அவரே செய்தார். டார்ச்சை அணைத்துவிட்டார்.

“ஏலே, யாரும் எந்திரிக்கக் கூடாது!” மைக் இல்லாமலே அந்தக் குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. “படம் இன்னும் முடியலடே. இப்பந்தான் அசல் படம். எல்லாரும் இருங்க. எனக்குக் கொஞ்சங்கூடப் பயமில்ல. தைரியமான பிள்ளையளுக்கும் பயம் இருக்காது. என்ன?”

கத்தல் அழுகையாக இறங்கியது. அவர் விடவில்லை. துணி அவருடைய தலையைத் தொட்டது. புரொஜெக்டர் விளக்கு கொதித்துக்கொண்டிருக்கும், அதன்மேல் துணி விழுந்தால் கருகிவிடும். ஆகவே அதன் மேல் குனிந்து நின்று, ரெண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டார்ச் எங்கேயோ உருண்டது. முன்கை சூடான தகட்டில் பட்டுச் சுரீரென்றது.

“இப்பம் பாத்தோம்லா, ரோஸ் கலர் மேகம். அது நட்சத்திரம் ஆகணும்னா மொதல்ல என்ன செய்யும் தெரியுமா? இப்படித்தான் செய்யும். தன் கனத்துலயே பைய பைய உள்ள விழும். இப்பம் நாம அந்த மேகத்துக்குள்ள இருக்கோம். லட்சக்கணக்கான வருசமா அது இப்படி இருட்டுக்குள்ள ஒடுங்கி ஒடுங்கி வரும். அப்புறந்தான் நடுவுல சூடு பிடிச்சு எரியும். துணி தலையில தொடுதா? தொடட்டும். மேகம்னு நெனச்சுக்க.”

பேசப் பேச அவருடைய குரலே அவருக்கு யாருடையதோ மாதிரி இருந்தது. இடையில் நிறுத்தினால் தானே கத்திவிடுவோம் என்று தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை. வாசல் பக்கத்தில் இருப்பவன் முதலில் தவழ வேண்டும், அடுத்தவன் முன்னால் போகிறவனின் காலைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும் என்றார். வெளியே செசிலி டீச்சர் குகை வாசலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள். யாரும் ஓடவில்லை. யாரையும் யாரும் மிதிக்கவில்லை. கடைசியில் சலசலப்பு அடங்கியது.

“உள்ள இன்னும் ஆரும் இருக்கியளா?” என்று கேட்டார். பதில் இல்லை. தகடு இதற்குள் ஆறியிருந்தது. துணியை மெல்ல விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரும் தவழ்ந்து வெளியே வந்து விழுந்தார்.

ஹாலில் ஜன்னல் வெளிச்சம் அடித்தது. வைகுண்டராஜன் சுவரில் சாய்ந்து அந்த வெளிச்சத்தைக் குடித்தார். வெளியே கொட்டுச் சத்தம். திருவிழாக் கமிட்டி ஏசுஅடிமை ஓடிவந்தார்.

“தேரு வருதுல்லா. ஒப்பனை பண்ணுற எடத்துலேருந்து கோயிலுக்குக் கொண்டு வராவ. தேரு ஒசரத்துக்குக் கம்பி இடிக்கும்னு லைனை நிறுத்திருக்கு. வருசா வருசம் ஒம்பதாம் திருவிழாவுக்கு நடக்கியதுதான. பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே! ஒங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சோம்.”

தெரிந்திருக்க வேண்டியதுதான். அவர் ஊர்ப் பதியிலும் அய்யாவின் வாகனம் ஊர்வலம் வரும்போது லைனை நிறுத்தத்தான் செய்கிறார்கள். எத்தனை வருஷம் அவரே லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மின்வாரியத்தில் கரண்ட் கட் உண்டா என்று கேட்டாரே ஒழிய, தேர் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“அண்ணே” என்றாள் செசிலி டீச்சர். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. “முப்பத்தொண்ணு பேருதான் இருக்கு. ஜெனிலாவக் காணல்ல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடாரம் தரையோடு தரையாகக் கிடந்தது. நடுவில் புரொஜெக்டர் இருந்த இடம் மட்டும் மேடாகத் தெரிந்தது. மற்றபடி எங்கும் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் துணி. எந்த மடிப்புக்குக் கீழே ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு அசைவும் இல்லை. செசிலி டீச்சர் “ஏட்டி ஜெனிலா, ஜெனிலா” என்று கத்தினாள்.

“கத்தியக் கொண்டு வா, கிழிச்சிரலாம்” என்றார் ஏசுஅடிமை.

“கத்தி வேண்டாம்! அடியில பிள்ள எங்க கெடக்குன்னு தெரியாம எங்கவே கிழிக்கது?” என்றார் வைகுண்டராஜன். யாரோ டார்ச் எடுக்க ஓடினார்கள். அவர்கள் வருகிற வரைக்கும் அந்தத் துணிக்கடியில் மூச்சு இருக்குமா? தான்தான் “யாரும் எந்திரிக்கக் கூடாது” என்றோம், அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளை அப்படியே கிடந்து செத்துப்போயிருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் ஓடிப்போய்க் குகை வாசலைத் தூக்கினார். உள்ளே, அவர் வாழ்க்கை முழுவதும் விலகி விலகிப் போன அந்த இருட்டு இருந்தது. தலையை நுழைத்தார்.

துணி முதுகில் ஏறிப் படுத்தது. சூடு, ரப்பர் வாடை, பிள்ளைகளின் வேர்வை வாடை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். நாலு அடி தவழ்ந்ததும் வாசல் எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிற்று. கையை நீட்டித் தடவினார். தரை, தரை, மறுபடியும் தரை.

“ஜெனிலா, பயப்படாத மக்கா. ஒண்ணுமில்ல. பயப்பட ஒண்ணுமே இல்ல.”

இன்னும் கொஞ்சம் தவழ்ந்தார். துணி வாயை மூடியது, பிடுங்கி எறிந்தார், திரும்பவும் வந்து மூடியது. இனி ஒரு சாண்கூட நகர முடியாது என்று ஆனது. அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். அழுகை வந்தது. முப்பத்தெட்டு வருஷமாக உள்ளே கிடந்த சொல் தானாக வெளியே வந்தது.

“மக்கா, எனக்குப் பயமா இருக்கு. நான் பொய் சொன்னேன். எனக்கு இருட்டுன்னா ரொம்பப் பயம். சின்னதுலேருந்தே பயம். நீ எங்க இருக்கன்னு ஒரு சத்தம் குடு. எனக்குத் தனியா இருக்க முடியல.”

அவருக்கு வலது கைப்பக்கம், ஒரு முழ தூரத்தில், நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

“எனக்கும்.”

அவர் கையை நீட்டினார். ஐந்து விரல் வந்து அவருடைய கட்டை விரலை இறுக்கிப் பிடித்தது. சில்லென்று, ஈரமாக. அந்தப் பிடியை விட்டுவிடாமல் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். இருவரும் ஒரே மாதிரி நடுங்கினார்கள்.

“ஏன் மக்கா, அவ்வளவு கூப்பிட்டோமே, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?”

“பயமில்லன்னு சொன்னியல்லா. மத்தப் பிள்ளையளும் பேசாம போச்சு. எனக்கு மட்டுந்தான் பயமாட்டு இருந்துச்சு. சொன்னா சிரிப்பாவன்னு…” என்றாள் ஜெனிலா. அதற்கு மேல் பேச முடியாமல் தேம்பினாள்.

வைகுண்டராஜனுக்கு அந்த இருட்டில் பொறியில் அறைந்தாற்போல் இருந்தது. முப்பத்தொரு பேரைக் காப்பாற்றிய அதே பொய்தான் முப்பத்திரண்டாவது பிள்ளையின் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை சிரிப்பார்கள் என்று பயந்து மூச்சடைத்துக் கிடந்தது மாதிரிதானே அவரும் இத்தனை வருஷமாகக் கிடந்தார்? வெளியிலிருந்து செசிலி டீச்சர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் வந்த திசையைப் பிடித்து இருவரும் தவழ்ந்தார்கள். ஜெனிலா முன்னால் போனாள். வைகுண்டராஜன் அவளுடைய கணுக்காலைத் தொட்டுக்கொண்டே பின்னால் வந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, முன்கையில் இருந்த சூட்டுக் காயத்துக்கு மருந்து போட்டபடி தங்கக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இருட்டைப் பற்றியும் சொன்னார். “அப்பிடியா?” என்று அவள் புதிதாகக் கேட்பவள்போல் கேட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்ரவேல் சார் ஒன்றும் வற்புறுத்தவில்லை. பதினோராம் நாள் அவராகவே வேனை எடுத்தார். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். போனதும் ஜெனரேட்டரை இறக்கி ஓடவிட்டார். இன்றைக்கு இந்தத் தெருவில் தேர், சப்பரம், வாகனம் ஏதாவது உண்டா என்று காவலாளியிடமும் தலைமையாசிரியரிடமும் ஆயாவிடமும் தனித்தனியாகக் கேட்டார். பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கூட ஒரு கணக்கு வாத்தியாரும் வந்து ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், மீசை வேறு.

வைகுண்டராஜன் சுவிட்சில் கை வைத்தார். அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

“கொஞ்ச நேரத்துல நட்சத்திரம் பிறக்கிற மேகத்தப் பாக்கப் போறோம். அவ்வளவு அழகா இருக்கும். ஆனா அதுக்கு இருட்டு வேணும். எனக்கு இருட்டுன்னா பயம். வேற யாருக்காவது பயமா இருந்தா, என் பக்கத்துல வந்து இருங்க.”

பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொடியன் எழுந்து வந்தான். ரெண்டு பெண் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் இங்கே மூன்று, அங்கே நாலு என்று எழுந்து, அவரைச் சுற்றி இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைசியில் கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து வந்தார். வைகுண்டராஜன் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, விளக்கை அணைத்தார்.